வித்

புதுச்சேரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
பதினாறு அறை லாட்ஜ். ரிசப்ஷனில் நான்.
லெட்ஜரில் கையெழுத்துப் போட்டபடியே
கல்கத்தா மருந்துக் கம்பெனிக்காரர் கேட்டார்:
வேர் ஆர் யூ புட் அப்?

புட் தெரியும், வை. அப் தெரியும், மேலே.
என்னை எங்கே மேலே வைத்திருக்கிறார்களாம்?
பரணில் கவிழ்த்த பித்தளை அண்டாவா நான்?
சிரித்துவைத்தேன்.
அதுவும் இப்படித்தான்,
சிரிப்பை எங்கேயும் வைப்பதில்லை யாரும்.

மேனேஜர் அமலோர்பவநாதன்
சாவிக்கொத்தால் மேசையைத் தட்டினார்.
எங்க தங்கியிருக்கேன்னு கேக்கறார்,
இதுகூடத் தெரியாம இங்கிலீஷ் பேப்பர் எதுக்கு வாங்கறே?
பில் புக்கின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டேன்.
புட் அப்: தங்கு.
அன்று முழுக்க எல்லாவற்றையும் தங்கவைத்தேன்.
பல்லி டியூப்லைட்டில் புட் அப்.
திண்டிவனம் பஸ் இரண்டாம் நடைமேடையில்
அரைமணியாகப் புட் அப்.

புதன்கிழமை இருநூற்று நாலின் சாவியைக் காணோம்.
அவர் குரல் மூன்றாம் மாடிவரை ஏறிப்போய்த்
திரும்பி வந்து என்மேல் விழுந்தது.
தூங்குமூஞ்சி. இன்னும் என்னென்னவோ.
சோபாவில் டாக்சிக்குக் காத்திருந்த புனே அம்மாள்
என் பக்கம் குனிந்து ரகசியமாய்:
ஹவ் டு யூ புட் அப் வித் ஹிம்?

தூக்கிவாரிப்போட்டது எனக்கு.
நோ நோ மேடம், வித் ஹிம் இல்லை!
ஐ புட் அப் வித் அஞ்சலாட்சி,
முதலியார்பேட்டை, ரயில்வே கேட் பக்கம்.

அந்த அம்மாள் சிரித்ததில்
மூக்குக்கண்ணாடி நழுவி மடியில் விழுந்தது.

ராத்திரி போனில் தேடினேன்.
புட் அப் வித்: பொறுத்துக்கொள்.
யாரோடு என்று சொன்ன மாத்திரத்தில்
தங்குவது சகிப்பதாகிவிடுகிறது.
பக்கத்துப் பாயைப் பார்த்தேன்.
அஞ்சலாட்சி, நெல்லிக்குப்பத்துக்காரி.
நாலுமணிக்கு அலாரம் வைத்து ஆறரைக்கு எழுபவள்,
ஈரத் துண்டை என் தலையணையில் போடுபவள்,
சன்னலைச் சாத்திவிட்டுத் திருக்கைக் கருவாடு வறுப்பவள்.
மேடத்திடம் நான் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை.

இன்னாடி பாக்கறே, என்றாள் கண் திறக்காமல்.
சொன்னேன். எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.
ராப்பூரா நீ நறநறன்னு பல்லு கடிக்கறியே,
அத நான் புட் அப் பண்ணிப்புட்டுத்தானே கெடக்கறேன்?
அதுக்கு எந்த புக்குல எழுதுவே?

பண்ணிப்புட்டு. வந்துப்புட்டான், சொல்லிப்புட்டேன்.
நம் வாயில் எந்நேரமும் ஒரு புட்டு இருந்திருக்கிறது,
வெள்ளைக்காரன் வருமுன்பே.
வை, மேலே, உடன்.
மூன்றில் எதிலும் பொறுமை இல்லை.
பொறு, கொள் என்கிறோம் நாம்.
கொண்டதை எங்கே வைப்பது என்று
நாமும் சொல்லித்தரவில்லை.

வெள்ளிக்கிழமை மறுபடி கத்தினார்,
ஒரு கொசுவத்தி டப்பாவுக்காக.
எனக்கும் ஏறிவிட்டது. எழுந்து நின்றேன்.
சார், ஐ கேன்நாட் புட் அப்...

சட்டென்று அடங்கிப்போனார்.
ஏம்மா, வீட்டக் காலிபண்ணச் சொல்லிட்டாங்களா?
சாவிக்கொத்திலிருந்து
சின்னதாய் ஒன்றைக் கழற்ற ஆரம்பித்தார்.
நகம் சரியாக வெட்டாத விரல். நேரம் எடுத்தது.
மொட்டமாடி ஸ்டோர் ரூம். ஃபேன் ஓடும், சத்தம் போடும்.
வேற எடம் கெடைக்கற வரைக்கும் இருந்துக்க.
வாடகையெல்லாம் வாணாம்.

வித் என் வாயிலேயே நின்றுபோனது.

அந்தச் சாவி இன்னும் என் கைப்பையில்.
திருப்பித் தரப் போகும்போதெல்லாம்
யாரையாவது திட்டிக்கொண்டிருக்கிறார்.
இன்றும் கேட் மூடியிருக்கிறது, கூட்ஸ் வண்டி.
தண்டவாளத்துக்கு அந்தப் பக்கமிருந்தே
கருவாட்டு வாசனை.
சன்னலைத் திறந்துவைத்திருக்கிறாள் போல.